சுழி பார்க்கும் கண் காதுக்குள்ளும் பார்க்கட்டும்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோவில் திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். சாமி கும்பிட வந்த கூட்டத்துக்கு ஈடாக ஒரு கூட்டம் குதிரைச் சந்தையில் நிற்கும். கத்தியவார், மார்வாரி, நாட்டுக் குதிரை, மட்டக்குதிரை என்று வரிசையாகக் கட்டியிருப்பார்கள். வாங்க வந்தவர் முதலில் சுழி பார்ப்பார். நெற்றியில் எத்தனை, கழுத்தில் எந்தப் பக்கம், நெஞ்சில் இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்ப்பார். அடுத்து உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பார். பிறகு நடக்கவிட்டு, ஓடவிட்டு, காலைப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் விலைப் பேச்சு.

காதுக்குள் பார்ப்பவரைக் காண்பது அரிது. வாலைத் தூக்கிப் பார்ப்பவர் அதைவிட அரிது. உண்ணி ஒட்டியிருப்பதோ அந்த இடங்களில்தான். ராசியான சுழியோடு வீட்டுக்கு வரும் குதிரை, காதில் உண்ணியையும் ரத்தத்தில் நோயையும் சேர்த்தே கொண்டுவந்து சேர்க்கலாம்.

மெரினா மணலிலும் ஊட்டியிலும் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் சவாரிக்கு விடுகிறவர்கள், கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை அனுப்புகிறவர்கள், ரேக்ளா ஓட்டுகிறவர்கள், ஆசைக்கு ஒன்று வளர்ப்பவர்கள் என எல்லோருக்குமானது இந்தக் கட்டுரை. 2019-ல் எடுத்த 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாடு முழுக்கக் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து சுமார் 3.4 லட்சம்தான். அதற்கு முந்தைய 2012 கணக்கைவிட இது 45 சதவீதத்துக்கும் மேல் குறைவு. குதிரை குறையக் குறைய, குதிரையைப் பற்றித் தெரிந்தவர்களும் குறைகிறார்கள். மாட்டுக்குச் செய்வதையே குதிரைக்கும் செய்துவிடலாம் என்ற நினைப்பு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உண்ணி விஷயத்தில் இந்த நினைப்பு குதிரையின் உயிரையே வாங்கிவிடும்.

உண்ணியின் வீடு எது?

ஒரு பெண் உண்ணி வயிறு முட்ட ரத்தம் குடித்ததும் ஆமணக்கு விதைபோல் உப்பி, தானாகக் கீழே விழுந்துவிடும். சுவர் வெடிப்பு, தரைக்கல் இடுக்கு, மரத்தூண் பிளவு என்று இருட்டான இடம் தேடிப் போய், ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும். அதிலிருந்து வெளிவரும் குஞ்சு கடுகைவிடச் சிறியது. அது புல் நுனியிலும் சுவரிலும் ஏறிக் காத்திருக்கும். குதிரையின் மூச்சும் உடல் சூடும் பட்டதும் தொற்றி ஏறும். சில வகை உண்ணிகள் குஞ்சுப் பருவம் முதல் கடைசிவரை ஒரே உடம்பில் இருக்கும். வேறு சில, ஒவ்வொரு பருவத்துக்கும் கீழே இறங்கி, வளர்ந்து, மறுபடி ஏறும். இரை கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் பசி தாங்கும்.

அதனால் நம் கண்ணில் படுவது கொஞ்சம்தான், மீதி லாயத்துச் சுவரிலும் மேய்ச்சல் புல்லிலும் இருக்கிறது. குதிரைமேல் மட்டும் மருந்தடித்துவிட்டு, "போன வாரம்தானே அடித்தேன், மறுபடி வந்துவிட்டதே" என்று வருத்தப்படுவதன் காரணம் இதுதான்.

காதுக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு வகையும் உண்டு. முள் காது உண்ணி என்று சொல்லலாம். இதன் இளம் பருவங்கள் காதுக்குழாயின் ஆழத்தில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இருந்து ரத்தம் குடிக்கும். வளர்ந்தது வெளியே வந்து சுவர் இடுக்கில் வாழும். குதிரை ஓயாமல் தலையை உதறும், ஒரு காதைத் தொங்கவிடும், கடிவாளம் மாட்டப் போனால் தலையைத் தூக்கிக்கொள்ளும். "கெட்ட பழக்கம்" என்று அடி வாங்கும் குதிரைகளில் எத்தனையோ, காதுவலியால் துடிப்பவை. இலங்கையின் நுவரெலியாவில் பந்தயக் குதிரைகளிடம் இந்த உண்ணி கண்டறியப்பட்டது. அங்கே குதிரைகளைப் பராமரிக்கும் தொழிலாளர்களின் காதுகளுக்குள்ளும் அது புகுந்திருந்தது. குதிரையின் காதைக் கவனிப்பது நம் காதையும் காப்பாற்றும்.

கடி சிறியது, நோய் பெரியது

உண்ணி ரத்தம் குடிப்பதால் வரும் சோகையும் புண்ணும் ஒருபுறம். அது உமிழ்நீரோடு உள்ளே செலுத்தும் நோய்தான் பெரிய ஆபத்து. கணுக்காலி இனத்தைச் சேர்ந்த ஓர் உயிர் நோயைப் பரப்ப முடியும் என்ற உண்மையே மாட்டு உண்ணியின் வழியாகத்தான் உறுதிப்பட்டது. அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893-ல் மாட்டுக் காய்ச்சல் ஒன்றை உண்ணி பரப்புவதை நிரூபித்தார்கள்.

குதிரையில் உண்ணி கொண்டுவரும் முக்கிய நோய் பைரோபிளாஸ்மோசிஸ். தைலேரியா, பபீசியா என்ற இரண்டு நுண்ணிய ஒட்டுண்ணிகள் சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கும். காய்ச்சல் ஏறும். ஈறும் கண்ணின் உள்தோலும் வெளிறும், சில நேரம் மஞ்சளாகும். சிறுநீர் செம்பழுப்பாகப் போகும். நேற்றுவரை நாலு சுற்று ஓடிய குதிரை, இன்று இரண்டாவது சுற்றிலேயே நுரை தள்ளி நிற்கும். பிழைத்த குதிரையின் ரத்தத்தில் தைலேரியா வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடலாம். வெளியே பார்க்க ஆரோக்கியமாகத் தெரியும், ஆனால் அதைக் கடித்த உண்ணி அடுத்த குதிரைக்கு நோயைக் கொண்டுபோகும்.

இரண்டாவது நோய் சர்ரா. இதைக் கொண்டுவருவது ஈ. வெயில் நேரத்தில் வந்து, கத்தியால் கீறியதுபோல் தோலைக் கிழித்து ரத்தம் குடிக்கும் பெரிய ஈயைக் குதிரைக்காரர் எல்லோருக்கும் தெரியும். குதிரை வாலால் அடித்ததும் அது பாதியில் எழுந்து பக்கத்துக் குதிரைமேல் உட்காரும். வாயில் ஈரம் காயாத அந்த ரத்தமே நோயை மாற்றிவிடப் போதும். 1880-ல் கிரிஃபித் எவன்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர், அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில், நோயுற்ற குதிரை, ஒட்டகங்களின் ரத்தத்தில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். அது அவர் பெயராலேயே டிரிபனோசோமா இவான்சி என்று அழைக்கப்படுகிறது.

சர்ரா பிடித்த குதிரைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வரும். கொள்ளும் புல்லும் வழக்கம்போல் தின்னும், உடம்பு மட்டும் கரையும். அடிவயிறும் காலும் வீங்கும். பின்னங்கால் தள்ளாடும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் சாவில் முடியும். மழைக்காலமும் அதை ஒட்டிய மாதங்களும் ஈ பெருகும் காலம் என்பதால், அப்போது வரும் எந்தக் காய்ச்சலையும் "மழையில் நனைந்தது" என்று விட்டுவிடக் கூடாது. சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தாலே பல நேரம் தெரிந்துவிடும். ஒரு தடவை தெரியாவிட்டால் மறுமுறையும் பார்க்கச் சொல்லுங்கள், இந்தக் கிருமி ரத்தத்தில் சில நாள் கூடும், சில நாள் மறையும்.

இங்கே ஈயைவிட மோசமாக நாமே நோய் பரப்பும் வழி ஒன்று இருக்கிறது. ஒரே ஊசியால் நாலு குதிரைக்குப் போடுவது. சர்ராவும் பைரோபிளாஸ்மோசிஸும் ரத்தம் பட்ட ஊசியின் வழியாகவும் பரவும். குதிரைக்கு ஒரு புது ஊசி என்பதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கொசுவும் உண்டு. இந்தியாவில் மனிதருக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதலில் அறியப்பட்டது 1955-ல், வேலூர் வட்டாரத்தில். வயல்நீரில் பெருகும் கொசு கொண்டுவரும் இந்த நோய் குதிரைக்கும் வரும். ஆனால் குதிரையைக் கடித்த கொசு அதை மேற்கொண்டு பரப்புவதில்லை, குதிரை ரத்தத்தில் கிருமி அந்த அளவுக்குப் பெருகாது. ஊரில் மூளைக்காய்ச்சல் வந்தால் குதிரைக்காரரைக் குறைசொல்லி விரட்டுவதில் நியாயமில்லை.

கடைசியாக, கண்ணுக்கே சரியாகத் தெரியாத கொசுக்கடி ஈ. அந்தி நேரத்திலும் விடியலிலும் மொய்க்கும். சில குதிரைகளுக்கு இதன் எச்சில் ஒத்துக்கொள்ளாமல், பிடரியும் வால் அடியும் அரித்து, தூணில் தேய்த்துத் தேய்த்து மயிர் கொட்டிப் புண்ணாகும். இதே இனம் கொண்டுவந்த ஆப்பிரிக்கக் குதிரை நோய் 1960-ல் இந்தியாவரை வந்தது. மேற்காசியாவிலிருந்து இங்குவரை அந்த அலையில் செத்த குதிரை இனங்கள் 3 லட்சத்துக்கும் மேல். இந்தியா அந்த நோயற்ற நாடு என்று 2014-ல் உலக விலங்கு நல அமைப்பு ஏற்றுக்கொண்டது. அந்த நிலையைக் காப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.

மாட்டு மருந்து குதிரைக்கு வேண்டாம்

எனக்குத் தெரிந்த சவாரிக் குதிரைக்காரர் ஒருவர், பெண் குதிரையின் தொடையிடுக்கில் உண்ணி அடையாய் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனார். "உண்ணி மருந்து" என்று கேட்டார். கடைக்காரர் கொடுத்தார். மாலையில் வாளித் தண்ணீரில் கலந்து உடம்பெல்லாம் தேய்த்துவிட்டார். மறுநாள் காலை லாயத்தில் லத்தி இல்லை. வைத்த கொள்ளு அப்படியே இருந்தது. குதிரை திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தது, முன்னங்காலால் தரையைக் கீறியது, படுத்துப் புரண்டது. வந்த மருத்துவர் முதலில் கேட்டது அந்தப் பாட்டிலைத்தான். அதன்மேல் மாட்டுப் படம் இருந்தது. உள்ளே அமிட்ராஸ். மூக்கு வழியாகக் குழாய் விட்டு மருந்து செலுத்தி, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, மூன்றாம் நாள்தான் குதிரை லத்தி போட்டது. "அன்றைக்கு லத்தியைப் பார்த்துக் கும்பிட்டேன்" என்றார் அவர்.

அமிட்ராஸ் மாட்டுக்கும் நாய்க்கும் பரவலாகப் பயன்படும் உண்ணி மருந்து. குதிரையின் பெருங்குடல் அசைவை அது முடக்கிவிடும். தின்றது உள்ளேயே இறுகி, வயிற்றுச் சூலை வரும், உயிரும் போகலாம். குதிரை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டிய பெயர் இது. லாயத்துச் சுவரில் கரியால் எழுதியே வையுங்கள்: அமிட்ராஸ் குதிரைக்குக் கூடாது.

இன்னும் சில எச்சரிக்கைகள்:

- மாட்டுக்கு வைத்திருக்கும் ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போடாதீர்கள். போட்ட இடம் வீங்கி, கடுமையான கிருமித்தொற்று வர வாய்ப்புண்டு. குதிரைக்கு வாயில் கொடுக்கும் பசையாகத் தனியே கிடைக்கிறது, அதையும் எடை பார்த்து மருத்துவர் சொல்லும் அளவில்தான் கொடுக்க வேண்டும்.
- பயிருக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லி எதுவும் குதிரைமேல் படக் கூடாது. அந்த டப்பாக்களில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நச்சின் அளவைக் காட்டும் நிறக்கட்டம் இருக்கும். சிவப்பு கொடிய நஞ்சு. பச்சையும்கூட உடம்பில் பூசுவதற்கானதல்ல.
- மண்ணெண்ணெய், டீசல், வண்டியின் கழிவு ஆயில் பூசுவது பழைய பழக்கம். தோல் வெந்து கொப்பளிக்கும், நக்கினால் குடலுக்கும் கேடு.
- ஒட்டியிருக்கும் உண்ணியைப் பீடி நெருப்பால் சுடுவது குதிரைக்கும் ஆபத்து, வைக்கோல் உள்ள லாயத்துக்கும் ஆபத்து.

குதிரைக்கு ஏற்ற மருந்துகள் இருக்கின்றன. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற வகைகளைச் சரியான அளவில் கலந்து மருத்துவர் பயன்படுத்தச் சொல்வார். சொன்ன அளவுக்குக் குறைத்துக் கலந்தால் உண்ணி சாகாமல் மருந்துக்குப் பழகிவிடும், கூட்டினால் குதிரைக்குக் கேடு. கண், மூக்கு, வாய், புண் மேல் படாமல், வெயில் தணிந்த நேரத்தில், கையுறை போட்டுப் பூசுங்கள். இந்த வகை மருந்து பூனைக்கும் மீனுக்கும் கொடிய நஞ்சு, வாளி கழுவிய தண்ணீரைக் குளத்தில் ஊற்றாதீர்கள்.

வேப்பெண்ணெய் ஈயை ஓரளவு விலக்கும். சிறிது இடத்தில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பூசலாம். வேப்பிலை மூட்டம் போடுவதென்றால் வெளியில், காற்று வரும் திசையில் போடுங்கள். அடைத்த லாயத்துக்குள் புகை போட்டால் ஈயோடு சேர்ந்து குதிரையின் நுரையீரலும் பாதிக்கப்படும்.

தினமும் பத்து நிமிடம்

உண்ணி தேடக் கண்ணைவிட விரல் நல்ல கருவி. உடம்பு தேய்க்கும்போதே தேடிவிடலாம். காதின் உள்ளும் பின்னும் தொடங்குங்கள். பிடரி மயிரின் அடியில் விரல்களைக் கோதுங்கள். தாடையின் கீழ், முன்னங்கால் அக்குள், சேணவார் படும் இடம், மடி அல்லது விரைப்பக்கம், தொடையிடுக்கு, கடைசியாக வாலைத் தூக்கி ஆசனவாய்ச் சுற்று. மிளகு உருளுவதுபோல் விரலில் தட்டுப்பட்டால் அது உண்ணி.

அதை நகத்தால் நசுக்காதீர்கள். கையுறை அணிந்து, முனை கூரிய இடுக்கியால் தோலை ஒட்டி அதன் தலைப்பகுதியைப் பிடித்து, திருகாமல் நேராக, மெதுவாக இழுங்கள். எடுத்ததைச் சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போட்டுவிடுங்கள். கடித்த இடத்தில் கிருமிநாசினி தடவி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெறும் கையால் நசுக்குவது ஏன் கூடாது என்பதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 2011-ல் குஜராத்தில் கிரிமியன் காங்கோ காய்ச்சல் பரவி, சிகிச்சை அளித்த மருத்துவப் பணியாளர்களும் இறந்தார்கள். அதைப் பரப்புவது ஹயலோமா என்ற உண்ணி. நம் ஊர்க் கால்நடைகளிலும் குதிரைகளிலும் ஒட்டும் இனம்தான் அது.

காதின் ஆழத்தில் உள்ளதை நீங்களே குச்சி விட்டு எடுக்க முயல வேண்டாம். அதற்கு மருத்துவர் வேண்டும்.

ஒரு வெப்பமானி வாங்கி வையுங்கள். நலமான குதிரையின் உடல்சூடு ஏறக்குறைய 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட். 102-ஐத் தாண்டினால் அன்று சவாரி கிடையாது, மருத்துவருக்குச் சொல்லுங்கள். ஈறின் நிறத்தை நாள்தோறும் பார்த்துப் பழகினால், வெளிறும் முதல் நாளிலேயே கண்டுகொள்வீர்கள்.

லாயத்தைச் சரிசெய்யாமல் விடிவில்லை

காலில் கடிக்கும் லாய ஈ எங்கே பிறக்கிறது என்று தேடிப் போனால், நாம் மூலையில் குவித்து வைத்த லத்தியும் மூத்திரம் ஊறிய வைக்கோலும்தான் கண்ணில் படும். கோடையில் முட்டையிலிருந்து முழு ஈயாக அதற்கு இரண்டு மூன்று வாரம் போதும். லத்தியைத் தினமும் அள்ளி, லாயத்தைவிட்டுத் தள்ளிக் குவித்து, தார்ப்பாயால் இறுக மூடுங்கள். உள்ளே ஏறும் சூட்டில் புழு சாகும், மூன்று நாலு மாதத்தில் நல்ல உரமும் கிடைக்கும். இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தால் மருந்துச் செலவில் பெரும்பகுதி மிச்சம்.

சுவர் வெடிப்புகளைச் சிமென்டால் அடைத்துச் சுண்ணாம்பு பூசுங்கள். மருத்துவர் சொல்லும் மருந்தைக் குதிரையை வெளியே கட்டிவிட்டுத் தரையிலும் இடுக்கிலும் அடித்து, காய்ந்த பிறகே உள்ளே கட்டுங்கள். உண்ணிக் குஞ்சுகள் அடுத்தடுத்துப் பொரிப்பதால் ஒருமுறையோடு நிறுத்தாமல் அவர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும் அடிக்க வேண்டும். லாயத்தைச் சுற்றிப் புதரையும் உயரமான புல்லையும் வெட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறையாவது காலிசெய்து தேய்த்துக் கழுவினால் கொசு முட்டை தங்காது.

நாட்டுக்கோழி பகலில் உண்ணியைப் பொறுக்கித் தின்னும், அது நல்லதே. ஆனால் இரவில் லாயத்துக்குள் அடைய விடாதீர்கள், கோழிச்செள்ளு குதிரைக்கும் ஏறும். மருந்தடித்த நாளில் கோழியை விடவே கூடாது.

பெரிய கடி ஈ வெளிச்சத்தை விரும்பும், இருண்ட கூரைக்குள் அவ்வளவாக நுழையாது. உச்சிவெயிலில் குதிரையை நிழலான லாயத்தில் நிறுத்துவது அதனிடமிருந்து காக்கும். கொசுக்கடி ஈ அந்தியில் வரும், பலமாகப் பறக்காது. மேலிருந்து ஒரு மின்விசிறி ஓடினாலே தடுமாறும். 2019-ல் இங்கிலாந்தில் குதிரைகளுக்கு வரிக்குதிரைபோல் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட போர்வை அணிவித்து ஆராய்ந்தார்கள். கோடில்லாத போர்வையைவிட அதன்மேல் உட்கார்ந்த ஈக்கள் வெகு குறைவு. ஈத்தடுப்புப் போர்வை தைக்கக் கொடுப்பவர்கள் கோடு போட்ட துணியாகவே எடுக்கலாம்.

புதுக்குதிரையைத் தனியே கட்டுங்கள்

சந்தையிலிருந்து வந்த குதிரையை அன்றே மற்றவற்றோடு கட்டுவதுதான் பல லாயங்களில் நோய் நுழைந்த வழி. மூன்று வாரமாவது தனி இடம், தனி வாளி, தனிப் பிரஷ், தனிச் சேணத்துணி. முதல் நாளே உடம்பு முழுக்க உண்ணி தேடி எடுங்கள். முதல் வாரத்திலேயே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். விற்பவரிடம் விலை, தேதி, "நோயில்லை" என்ற உறுதி எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சு பின்னால் நிற்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் நம் கடமை. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் 3-ஆவது பிரிவு, ஒரு விலங்கைப் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் நலம் காக்கவும், தேவையற்ற வலி நேராமல் தடுக்கவும் வேண்டும் என்கிறது. நோயிலோ புண்ணிலோ உள்ள விலங்கை வேலை வாங்குவது 11-ஆவது பிரிவின்படி குற்றம். உண்ணிப் புண்மேல் சேணம் போட்டுச் சவாரி விடுவது இதில் அடங்கும். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் என்று 1960-இல் எழுதியது இன்னும் அப்படியே கிடக்கிறது. அது திருத்தப்பட வேண்டும். விலங்குகளுக்கு வலி, காயம், நோய் இவற்றிலிருந்து விடுதலை உட்பட ஐந்து விடுதலைகள் உண்டு என்பதை 2014-ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டு வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொன்னது.

அடுத்தது 2009-ஆம் ஆண்டின் விலங்குகளுக்கான தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம். சர்ரா, பைரோபிளாஸ்மோசிஸ், ஆப்பிரிக்கக் குதிரை நோய் எல்லாம் அதன் பட்டியலில் இருக்கின்றன. இவை இருப்பதாகச் சந்தேகம் வந்தால் உரிமையாளர் கிராம அலுவலருக்கோ ஊராட்சிக்கோ தெரிவிக்க வேண்டும், நோயுற்றதைத் தனியே பிரிக்க வேண்டும். "சொன்னால் பிழைப்பு போய்விடும்" என்று மறைத்தால், ஒரு குதிரையோடு போக வேண்டியது ஊர்க் குதிரைகள் எல்லாவற்றையும் பிடிக்கும்.

இனி நம் உரிமை.

சிகிச்சை: அரசு கால்நடை மருந்தகத்தில் உங்கள் குதிரைக்கும் இடம் உண்டு. "நாங்கள் மாடு மட்டும்தான் பார்ப்போம்" என்று யாராவது சொன்னால், மாவட்டக் கால்நடைப் பராமரிப்புத் துறை இணை இயக்குநரிடம் எழுத்தில் முறையிடுங்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை ஊர்தியைக் கேட்கலாம். சென்னையில் 1903-இல் தொடங்கி, இப்போது வேப்பேரியில் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் குதிரைக்கும் சிகிச்சை உண்டு. மாவட்டங்களில் உள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவின் உதவியை உங்கள் மருத்துவர் வழியாகக் கேளுங்கள். குதிரை நோய்களுக்கென்றே ஹரியானாவின் ஹிசாரில் தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சிக்கலான நோயென்றால் ரத்த மாதிரியை உங்கள் மருத்துவர் அங்கே அனுப்ப முடியும்.

மருந்துக் கடை: ரசீது கேட்டு வாங்குங்கள். மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி அதில் இருக்கட்டும். பாட்டிலையும் தூக்கி எறியாதீர்கள். தவறான மருந்தைக் "குதிரைக்குப் போடலாம்" என்று கொடுத்து இழப்பு நேர்ந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்குபவரும் நுகர்வோர்தான். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள்.

காப்பீடு: தேசியக் கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில் குதிரையையும் சேர்க்கலாம். 2024 மாற்றத்துக்குப் பிறகு பிரீமியத்தில் வளர்ப்பவர் கட்ட வேண்டிய பங்கு 15 சதவீதம். நோய் வந்த பிறகு ஓடுவதில் பயனில்லை, குதிரை நலமாக இருக்கும்போதே மருந்தகத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

சவாரி ஏறும் உங்களுக்கும் ஒரு வார்த்தை

குழந்தையைக் குதிரையில் ஏற்றுமுன் அந்தக் குதிரையை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். விலா எலும்பு தெரிகிறதா, காது தொங்குகிறதா, சேணத்தின் ஓரம் புண் இருக்கிறதா, ஈ மொய்க்கிறதா? இருந்தால் ஏறாதீர்கள். குதிரைக்காரரிடம் கோபப்படாமல், "அண்ணா, இதை டாக்டரிடம் காட்டுங்கள், 1962-க்குப் போன் போடுங்கள்" என்று சொல்லுங்கள். அவரும் அந்தக் குதிரையை நம்பித்தான் பிழைக்கிறார். சொல்லியும் புண்ணோடு வேலை வாங்கினால், மாவட்டப் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்திலோ காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். இறங்கி வீட்டுக்குப் போனதும் குழந்தையின் காதுப்பின்புறம், அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். காய்ச்சல் வந்தால், குதிரை அருகே இருந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஒரு குதிரை தன் வாலால் பின்பக்கத்து ஈயை விரட்டும், காலை உதைத்து வயிற்றுப்பக்கத்து ஈயை விரட்டும், தோலைச் சிலிர்த்து தோளில் உட்கார்ந்ததை எழுப்பும். காதுக்குள் இருக்கும் உண்ணியை மட்டும் அதனால் எதுவும் செய்ய முடியாது. அதற்கு உங்கள் விரல்தான் வேண்டும். வரும் ஆடியில் அந்தியூருக்குப் போகிறவர்கள் சுழியைத் தாராளமாகப் பாருங்கள், பல்லையும் பாருங்கள். அதே விரலை ஒரு நிமிடம் காதுக்குள்ளும், பிடரிக்கு அடியிலும், வாலுக்குக் கீழும் ஓட்டிவிட்டு விலை பேசுங்கள். வீட்டில் ஏற்கெனவே குதிரை வைத்திருப்பவர்கள் ஆடிவரை காத்திருக்க வேண்டாம், இன்று மாலையே பாருங்கள்.